கும்பினியும் கம்பெனியும்: ஓசூர் – கிருஷ்ணகிரி தொழில் வட்டார வழக்கில் ஒரு பலபொருள் ஒருசொல்

ஆய்வுச் சுருக்கம்

‘கம்பெனி’ என்னும் ஆங்கிலச் சொல் தமிழில் ஆட்சி, வணிக அமைப்பு, நாடகக் குழு, தொழிற்கூடம், அசல் பொருள், துணை எனப் பல பொருள்களைப் பெற்றுள்ளது. இப்பொருள்கள் ஓசூர் – கிருஷ்ணகிரி வட்டாரப் பேச்சில் எவ்வாறு வேறுபடுத்தி உணரப்படுகின்றன என்பதைத் தொல்காப்பியக் கிளவியாக்கம் கூறும் பலபொருள் ஒருசொல் பற்றிய பாகுபாட்டைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. பெரும்பாலான பொருள்கள் வினை, இனம், சார்பு ஆகியவற்றால் தெளிவடைகின்றன. வேலை செய்யும் இடம், வேலை தருபவர் ஆகிய இரு பொருள்கள் மட்டும் அவ்வாறு தெளிவடைவதில்லை என்பதும், ‘நிறுவனம்’, ‘நிறுமம்’ ஆகிய மாற்றுச் சொற்கள் இச்சிக்கலைத் தீர்க்கவில்லை என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: கம்பெனி, கும்பினி, பலபொருள் ஒருசொல், ஆகுபெயர், கலைச்சொல்லாக்கம், ஓசூர், ஒப்பந்தத் தொழிலாளர்

முன்னுரை

பிறமொழிச் சொற்களைப் பற்றிய தமிழ் ஆய்வுகள் பெரும்பாலும் இரு வினாக்களோடு நின்றுவிடுகின்றன. அச்சொல் எம்மொழியிலிருந்து வந்தது என்பது ஒன்று. அதற்கு ஈடான தமிழ்ச்சொல் எது என்பது மற்றொன்று. வந்த சொல் தமிழுக்குள் என்ன ஆயிற்று, எந்த வேற்றுமை உருபுகளை ஏற்றது, எந்த வினைகளோடு சேர்ந்தது, எத்திணைக்கு உரியதாயிற்று என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. கடன் வாங்கப்பட்ட சொல்லைத் தமிழ்ச்சொல்லாகக் கருதி ஆராயத் தயங்கும் மனப்பான்மையே இதற்குக் காரணம் எனலாம். மறைமலையடிகள் 1916இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் தமிழுக்கு அளித்த சொல்வளம் பெரிது. ஆயினும், விலக்கப்பட வேண்டியது என்று முடிவு செய்யப்பட்ட சொல்லின் பொருளை நுணுகிப் பார்க்கும் தேவையே இல்லாமற்போனது அதன் பக்கவிளைவு.

‘கம்பெனி’ அவ்வாறு பார்க்கப்படாத சொற்களுள் ஒன்று. அதனை ஆராய்வதற்கு ஓசூர் – கிருஷ்ணகிரி வட்டாரம் பொருத்தமான களம். இச்சொல் இவ்வட்டாரத்திற்கு இருமுறை வந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆட்சியாக வந்தது. 1970களுக்குப் பின் தொழிற்கூடமாக வந்தது. இடைப்பட்ட காலத்தில் தமிழின் பிற பகுதிகளில் அது பெற்ற பொருள்களும் இங்கு வந்து சேர்ந்தன.

கும்பினி: உயர்திணையாக நின்ற சொல்

1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் பாராமகால் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். கிருஷ்ணகிரி அப்பகுதியைச் சேர்ந்தது. மலைக்கு மேலுள்ள பாலாகாட் எனப்பட்ட ஓசூர்ப் பகுதி, திப்புவின் மறைவுக்குப் பின் 1799இல்தான் கம்பெனியின் கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளராகிய தாமஸ் மன்றோவும் பாராமகாலில் நிலங்களை அளந்து வரி விதித்தனர். பின்னர் சென்னை மாகாணத்தில் பரவலாக நடைமுறைக்கு வந்த இரயத்துவாரி முறையின் தொடக்கக் களங்களுள் இது முதன்மையானது. ஓசூரை அடுத்த மத்திகிரியில் உள்ள கால்நடைப் பண்ணையும் கம்பெனி ஆட்சியில், படைக்குக் குதிரை வளர்க்கும் நோக்கில் 1824இல் தொடங்கப்பட்டதே. எனவே, இப்பகுதி உழவர் முதன்முதலில் அறிந்த ‘கம்பெனி’ நிலத்தை அளப்பதும் வரி தண்டுவதும் படை வைத்திருப்பதுமாகிய அரசு.

அன்றைய வடிவம் ‘கும்பினி’. 18, 19ஆம் நூற்றாண்டுகளின் தமிழ் எழுத்துகளிலும் கதைப்பாடல்களிலும் கும்பினி, கும்பனி, கும்பெனி முதலிய வடிவங்கள் வழங்கின. கன்னடத்தில் ‘கும்பணி’, தெலுங்கில் ‘கும்பிணி’ என்னும் வடிவங்கள் இன்றும் கிழக்கிந்தியக் கம்பெனியைக் குறிக்கும் வரலாற்றுச் சொற்களாக நிலைத்துள்ளன. மூன்று மொழிகளும் புழங்கும் எல்லைப் பகுதியில் இவ்வடிவ ஒற்றுமை கருதத்தக்கது. முதலெழுத்து ‘கு’ ஆனது எவ்வாறு? ஆங்கில ஒலிப்புக்குக் ‘கம்’ என்பதே நெருக்கமானது. போர்த்துகீசிய, பிரெஞ்சு வடிவங்களின் முதலசையில் உள்ள ஒகரச் சாயல் தென்னிந்திய மொழிகளில் உகரமாக ஒலித்திருக்கலாம். தமிழ்க் கடற்கரைக்கு ஆங்கிலேயருக்கு முன்பே போர்த்துகீசியர் வந்துவிட்டனர். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் (1736–1761) பெரிதும் பேசப்படுவது அவர் துபாஷியாகப் பணியாற்றிய பிரெஞ்சுக் கம்பெனியே. ஆகவே, கும்பினியை ஆங்கிலச் சொல்லின் சிதைவு என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது பொருந்தாது. ‘கும்பினி’, ‘கம்பெனி’ ஆகியவை ஒரே மூலத்தின் இரு வேறு வருகைகள் எனக் கருத இடமுண்டு. ‘கும்பு’, ‘கும்பல்’ ஆகிய சொற்களின் ஒலிச்சாயல் அவ்வடிவம் நிலைக்க உதவியிருக்கலாம் என்பது ஊகமே. அதனை வலியுறுத்தச் சான்று போதாது.

வடிவத்தைவிட இலக்கணம் முக்கியமானது. இச்சொல் ‘கும்பினியார்’ என்று ஆர் விகுதி ஏற்று உயர்திணைப் பலர்பாலாக வழங்கிற்று. கும்பினியார் கேட்டனர், கும்பினியார் தண்டினர் என்பது போன்ற தொடரமைப்பில் செயலுக்கு உரியவர்கள் மனிதர்களாகவே தோன்றுகின்றனர். விண்ணப்பம் எழுதுவோருக்கு அதனை முகவரியிட ஓர் ஆள் இருந்தார். 1858இல் ஆட்சி மகாராணியின் பெயருக்கு மாறியது; 1874இல் அந்நிறுவனமே கலைக்கப்பட்டது. கும்பினி என்னும் வடிவமும் அத்துடன் வாழும் வழக்கிலிருந்து விலகி வரலாற்றுச் சொல்லாயிற்று.

இடைக்காலப் பொருள்கள்

ஆட்சிப் பொருள் நீங்கிய பின் இச்சொல் ‘கம்பெனி’ என்னும் வடிவில் இரு துறைகளில் வேரூன்றியது. ஒன்று வணிகம். வ.உ. சிதம்பரனார் 1906இல் தொடங்கிய அமைப்பு ‘சுதேசிக் கப்பல் கம்பெனி’ என்றே மக்களால் அழைக்கப்பட்டது. அந்நியக் கம்பெனியின் ஆட்சியை நினைவில் வைத்திருந்த நாட்டில், அந்நியரை எதிர்த்த அமைப்பும் அதே சொல்லைச் சூடிக்கொண்டது. அச்சொல்லிலிருந்து ஆட்சிப் பொருள் எவ்வளவு விரைவில் கழன்றுவிட்டது என்பதற்கு இது சான்று.

மற்றொன்று நாடகம். பாய்ஸ் கம்பெனி எனப்பட்ட சிறுவர் நாடகக் குழுக்கள் இச்சொல்லுக்குக் குழு, வாழிடம், பயிற்சிக்களம் என்னும் பொருள்களைச் சேர்த்தன. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் எம்.ஜி.ஆர். சிறுவராக நடித்தது பலரும் அறிந்தது. தி.க. சண்முகத்தின் ‘எனது நாடக வாழ்க்கை’ என்னும் தன்வரலாற்றைப் படிப்போருக்குக் ‘கம்பெனி’ என்பது ஊர் ஊராக நகரும் ஒரு குடும்பத்தின் பெயர் போலவே தோன்றும். சிறுவர்கள் அங்கேயே உண்டு, உறங்கி, தொழில் கற்றனர். சொல்லின் மூலப் பொருளுக்கு மிக அண்மையில் நின்ற தமிழ்ப் பொருள் இதுவே. இலத்தீனில் ‘உடன்’, ‘அப்பம்’ ஆகிய இரண்டு சொற்கள் சேர்ந்து பிறந்தது இச்சொல். சேர்ந்து உண்பவர் என்பதே அதன் முதற்பொருள். கன்னடத்திலும் தொழில்முறை நாடகம் ‘கம்பனி நாடகம்’ எனப்பட்டது. 1884இல் தொடங்கிய குப்பி நாடகக் கம்பெனி அதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு.

ஓசூரில் இரண்டாம் வருகை

1971இல் தொடங்கப்பட்ட சிப்காட் ஓசூரில் தொழிற்பேட்டையை அமைத்தது. பெங்களூருவுக்கு மிக அருகில், தமிழ்நாட்டின் எல்லைக்குள், அன்று பின்தங்கிய பகுதியாகக் கருதப்பட்ட ஊர் என்பதே அத்தேர்வுக்கு அடிப்படை. 1980இல் டி.வி.எஸ். 50 மொபெட் இங்கிருந்து வெளிவந்தது. அசோக் லேலண்டின் தொழிற்சாலையும் அவ்வாண்டில் தொடங்கியது. டாட்டா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் இணைந்து 1984இல் உருவாக்கிய டைட்டன், கைக்கடிகார உற்பத்திக்கு ஓசூரையே தேர்ந்தது. 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று; 2019இல் ஓசூர் மாநகராட்சியாயிற்று. போச்சம்பள்ளியில் மின்வாகன உற்பத்தி 2021இல் தொடங்கியது.

இங்கு வேலை செய்யும் இடத்திற்குக் ‘கம்பெனி’ என்னும் பெயரே நிலைத்ததைத் தற்செயல் எனத் தள்ள இயலாது. கோவையில் அவ்விடம் ‘மில்’. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டிப் பகுதியில் தீக்குச்சி அடுக்கும் கூடம் ‘தீப்பெட்டி ஆபீஸ்’. திருப்பூரில் ‘பனியன் கம்பெனி’. பத்துத் தையல் எந்திரங்கள் கொண்ட கொட்டகையும் அங்குக் கம்பெனிதான். கோவையின் ‘மில்’ எந்திரத்தைச் சுட்டுகிறது. சிவகாசியின் ‘ஆபீஸ்’ கணக்குப் பார்க்கும் இடத்தைச் சுட்டுகிறது. ஓசூருக்கு மில் காலம் இல்லை. கேழ்வரகு வயலிலிருந்தும் பட்டுப்புழு வளர்ப்பிலிருந்தும் நேரே பெருந்தொழிலுக்கு வந்த ஊர் அது. எந்திரம், பொருள், தொழில் எதையும் சுட்டாமல் உடைமையாளரை மட்டும் சுட்டும் சொல் இங்கு இடப்பெயராயிற்று. சிப்காட் பேருந்து நிறுத்தத்தில் நிற்பவரிடம் எங்கே என்று கேட்டால், ‘கம்பெனிக்கு’ என்பது போதிய விடை. பக்கத்தில் நிற்பவர் ‘கம்பனிகெ’ என்று கன்னடத்திலும், அடுத்தவர் ‘கம்பெனீகி’ என்று தெலுங்கிலும் கூறுவர். பெயர்ச்சொல் மூவருக்கும் பொது; நான்காம் வேற்றுமை உருபு மட்டுமே மொழியைக் காட்டுகிறது.

வினையும் இனமும் சார்பும்

பலபொருள் ஒருசொல்லைத் தொல்காப்பியர் வினையால் பொருள் வேறுபடுவது, வேறுபடாதது என இரண்டாகப் பகுக்கிறார். முன்னையது வினையாலும் இனத்தாலும் சார்பாலும் தெளிவடையும். உரையாசிரியர்கள் ‘மா’ என்னும் சொல்லைக் கொண்டு இதனை விளக்குவர். பூத்தல் என்னும் வினை வந்தால் அது மரம் என்பது விளங்கும். வீழ்தல் என்னும் வினை மரத்துக்கும் விலங்குக்கும் பொதுவாகலின் விளங்காது. விளங்காத இடத்தில் பேசுவோர் தாம் கருதிய பொருளைக் கிளந்து கூற வேண்டும் என்பது இலக்கணம்.

இப்பாகுபாடு ‘கம்பெனி’க்கு வியக்கத்தக்க அளவில் பொருந்துகிறது. ‘கம்பெனி விட்டாச்சா?’ என்னும்போது விடுதல் என்னும் வினை பணிநேரம் முடிந்த தொழிற்கூடத்தைக் காட்டுகிறது, ‘பள்ளிக்கூடம் விட்டாச்சா?’ என்பதன் அமைப்பே இதுவும். ‘கம்பெனி போட்டிருக்கான்’ என்பதில் போடுதல் என்னும் வினை சிறுதொழில் முதலீட்டைக் காட்டுகிறது. கொடுத்தல் என்னும் வினை மட்டும் சற்றுத் தயங்க வைக்கிறது. ‘கம்பெனி கொடுத்துச்சு’ என்றால் போனசோ இனிப்புப் பெட்டியோ வந்தது என்பது பொருள். ‘கம்பெனி கொடுத்தான்’ என்றால் தேநீருக்கோ மதுவுக்கோ துணையிருந்தான் என்பது பொருள். வினை ஒன்றே. முதல் தொடரில் கம்பெனி எழுவாய். இரண்டாவதில் உருபு தொக்க செயப்படுபொருள். பொருளை வேறுபடுத்துவது வினைமுற்றின் பால் காட்டும் விகுதி. ‘வினை’ என்று தொல்காப்பியர் கூறுவதை வினையடி என்று சுருக்கிக்கொள்ளாமல் விகுதியோடு கூடிய முற்றாகக் கொள்ள வேண்டும் என்பதற்கு இவ்வழக்கு துணை செய்கிறது.

‘கம்பெனிக்கு வர்றியா?’ என்னும் வினா, விகுதியாலும் தெளிவடைவதில்லை. தொழிற்சாலைக்கு வருகிறாயா என்பதும், பேச்சுத் துணைக்கு வருகிறாயா என்பதும் அதன் பொருள்களே. காலை ஆறு மணிக்குக் கேட்டால் ஒன்று. மாலை ஏழு மணிக்குக் கேட்டால் மற்றொன்று. இங்குச் சார்பே பொருளை முடிவு செய்கிறது. துணை என்னும் இப்பொருள் ஆங்கிலத்தில் மிகப் பழமையானது. வணிகப் பொருள் அதற்குப் பிந்தியது. தமிழில் வரிசை தலைகீழ்: ஆட்சி முந்தியது, வணிகம் அடுத்தது, துணை கடைசியாக வந்தது. தமிழ்ப் பேசுவோர் துணைப்பொருளைத் தொழிற்கூடப் பொருளிலிருந்து வளர்த்தெடுக்கவில்லை. ஆங்கிலத்திலிருந்து தனியே மீண்டும் பெற்றுக்கொண்டனர். ஆகவே, துணைப்பொருளைத் தனிப்பதிவாகக் காட்டும் அகராதியையும் குறைகூற இயலாது.

இனத்தால் தெளியும் பொருள்கள் இரண்டு. திருமணப் பேச்சில் ‘மாப்பிள்ளை கம்பெனி’ என்பது ‘கவர்மென்ட்’ என்னும் இனச்சொல்லுக்கு எதிராக நின்று தனியார் வேலையைக் குறிக்கிறது. உதிரிபாகக் கடையில் ‘கம்பெனி’ என்பது ‘லோக்கல்’ என்பதற்கு எதிராக நின்று அசலைக் குறிக்கிறது. ‘இது கம்பெனிது, அது லோக்கல்’ என்னும் கடைக்காரரின் கூற்றில் விலை வேறுபாடும் உத்தரவாதமும் அடங்கியுள்ளன. வண்டி உருவாகும் ஊரிலேயே, உள்ளூர் என்னும் பொருளுடைய சொல் போலியைக் குறிப்பது கவனத்திற்குரியது. ஓசூரின் சிறு பட்டறைகள் பெரிய ஆலைகளுக்கு உதிரிபாகங்கள் செய்து தருகின்றன. பட்டறையில் உள்ளவரை அப்பொருளுக்குப் பெயர் இல்லை. பெரிய ஆலையின் தரச்சோதனையைக் கடந்து அதன் பெட்டிக்குள் சென்றபின் அது ‘கம்பெனி’ ஆகிறது. செய்த கையைப் பொறுத்தன்று, பெட்டியின் பெயரைப் பொறுத்தே அசல் தீர்மானிக்கப்படுகிறது.

வினை வேறுபடுத்தாத பொருள்

‘அவர் கம்பெனியில வேலை செய்யறார்’ என்னும் தொடரில் ஏழாம் வேற்றுமை உருபு இடத்தைக் காட்டுகிறது. அவ்விடத்தின் உடைமையாளரே அவருக்கு வேலை தந்தவர் என்பதைத் தொடர் கூறவில்லை. ஆனால் கேட்போர் அவ்வாறே கொள்கின்றனர். வேலை செய்தல் என்னும் வினை, நிரந்தரப் பணியாளருக்கும் ஒப்பந்தக்காரர் வழியாக வந்தவருக்கும் பொது. கம்பெனி பஸ்ஸில் ஏறுதல், கேட்டில் நுழைதல், ஷிப்ட் பார்த்தல், கேன்டீனில் உண்ணல் ஆகியவையும் பெரும்பாலும் பொது. வீழ்தல் என்னும் வினை மாவின் பொருளைக் காட்டாதது போல, இவ்வினைகள் எவையும் கம்பெனியின் பொருளைக் காட்டுவதில்லை.

சட்டம் இவ்விரண்டையும் பிரித்தே பேசுகிறது. 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், முதன்மை வேலையளிப்பவர், ஒப்பந்தக்காரர் என்னும் இரு தரப்புகளை வரையறுத்தது. 2020ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் அப்பிரிவினையை ஏற்றுக்கொண்டது. ஒப்பந்தமுறை தடைசெய்யப்பட்ட பணியில் இருந்தார் என்பதாலேயே ஒருவர் முதன்மை வேலையளிப்பவரின் பணியாளராகத் தாமாகவே ஆகிவிடமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2001இல் ஸ்டீல் அதாரிட்டி வழக்கில் தீர்ப்பளித்தது. பேச்சில் ஒன்றாக இருக்கும் சொல் நீதிமன்றத்தில் இரண்டாகிவிடுகிறது. பல ஆண்டுகள் ‘கம்பெனியில்’ இருந்தவர், சட்டத்தின் பார்வையில் அந்தக் கம்பெனியில் இருந்ததே இல்லை என்னும் நிலை இவ்விரு பொருள்களின் இடைவெளியில்தான் எழுகிறது.

கிளந்து கூறும் தேவையை வட்டார வழக்கும் உணர்ந்திருக்கிறது. ‘கம்பெனி ரோல்’ என்னும் தொடர் அதற்கே தோன்றியது. ‘கம்பெனி ரோலா, காண்ட்ராக்டா?’ என்பது தொழிலாளரிடையே இயல்பாக எழும் வினா. இத்தொடரில் கம்பெனி என்பது இடப்பொருளை முற்றிலும் இழந்து வேலை தருபவரை மட்டும் குறிக்கிறது. இலக்கணம் விதித்ததை இலக்கணம் படிக்காதோர் தேவை கருதிச் செய்துகொண்டனர். ஆனால் இக்கிளத்தல் தொழிலாளர்தம் உரையாடலுக்குள் மட்டும் நிகழ்கிறது. ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போதும், பெண் கேட்கும் இடத்திலும் சொல் மீண்டும் தெளிவற்றதாகிவிடுகிறது. அத்தெளிவின்மை பேசுவோருக்கு மதிப்பைத் தருவதால் அது விரும்பியே காக்கப்படுகிறது என்பதையும் மறுக்கவியலாது.

ஆகுபெயரும் இங்குத் திரிகிறது. இடவாகுபெயரில் இடத்தின் பெயர் அங்குள்ள மக்களுக்கு ஆகும். ஊர் கூடிற்று என்றால் கூடியோர் ஊரார். ‘கம்பெனி சொல்லிடுச்சு’, ‘கம்பெனி ஒத்துக்கல’ என்பவற்றில் கம்பெனி அங்குள்ள ஆயிரக்கணக்கானோரைக் குறிப்பதில்லை. முடிவெடுத்தோர் வேறு நகரின் தலைமை அலுவலகத்தில் இருக்கலாம். இடத்தின் பெயர் இடத்தில் இல்லாதோருக்கு ஆகிறது. வினைமுற்றோ அஃறிணை ஒன்றன்பால். கும்பினியார் கேட்டனர் என்ற காலத்தில் கேட்டவர்கள் மனிதர்கள். கம்பெனி சொல்லிவிட்டது என்னும் காலத்தில் சொன்னவர் எவரும் இல்லை. ஆட்குறைப்புச் செய்தி பெரும்பாலும் இவ்வடிவத் தொடரிலேயே தொழிலாளரை வந்தடைகிறது.

மாற்றுச் சொற்களின் எல்லை

தமிழ்நாட்டுப் பொதுவழக்கில் ‘நிறுவனம்’ கம்பெனிக்கு ஈடாக நிலைபெற்றுவிட்டது. மேல்நிலை வகுப்புக் கணக்குப்பதிவியல் பாடநூல்கள் ‘நிறுமம்’ என்பதை ஆள்கின்றன. கல்வி நிறுவனம், தொண்டு நிறுவனம் ஆகியவற்றிலிருந்து பங்கு முதல் கொண்ட அமைப்பைப் பிரித்துக்காட்ட அச்சொல் உதவுகிறது. 1913, 1956, 2013 ஆண்டுகளின் சட்டங்களைப் பயில்வோருக்கு அந்நுட்பம் தேவை. இலங்கை வேறு வழி சென்றது: 2007ஆம் ஆண்டின் சட்டம் அங்குத் தமிழில் ‘கம்பனிகள் சட்டம்’ என்றே வழங்குகிறது; மலையகத்தில் கூலிப் பேச்சுவார்த்தையின் மறுதரப்பு ‘பெருந்தோட்டக் கம்பனிகள்’. அங்குத் தேயிலை பறிப்பவர் ‘தோட்டத்துக்கு’ வேலைக்குப் போகிறார்; கூலியைக் ‘கம்பனி’யிடம் கேட்கிறார். இடத்துக்கு ஒரு சொல், வேலை தருபவருக்கு ஒரு சொல். ஓசூரில் குழம்பிக் கிடப்பது மலையகத்தில், கடன்சொல்லை வைத்துக்கொண்டே, தெளிவாக இருக்கிறது.

ஆகவே, குறை கடன்சொல்லில் இல்லை. ‘கம்பெனி’யை நீக்கி ‘நிறுவனத்தில் பணிபுரிகிறார்’ என்று எழுதினாலும் அதே மயக்கம் நீடிக்கிறது. செய்தித்தாள்கள் அன்றாடம் அவ்வாறே எழுதுகின்றன. நிறுமம் சட்ட ஆளைக் குறிக்கும். ஆலை இடத்தைக் குறிக்கும். இவ்விரு சொற்களும் தமிழிடம் ஏற்கனவே உள்ளன. அவற்றை ஒரே தொடரில் எதிரெதிர் வைத்து ஆளும் வழக்கம்தான் உருவாகவில்லை. ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச்சொல் என்னும் கலைச்சொல்லாக்க அணுகுமுறை, மூலச்சொல்லின் மயக்கத்தையும் சேர்த்தே மொழிபெயர்த்துவிடுகிறது.

இம்மயக்கம் எழுத்தில் பதியும் இடம் படிவங்கள். கடன் விண்ணப்பத்திலும் பள்ளிச் சேர்க்கைப் படிவத்திலும் ‘பணிபுரியும் நிறுவனம்’ என்னும் கட்டம் உள்ளது. ஒப்பந்தத் தொழிலாளர் அதில் தாம் நாள்தோறும் நுழையும் வாயிலின் மேலுள்ள பெயரை எழுதுகிறார். அவருடைய வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் பதிவாகியிருப்பது வேறொரு பெயர். ஒப்பந்தக்காரர் மாறும்போது அப்பெயரும் மாறுகிறது. வாயிலின் பெயர் மாறுவதில்லை.